இலை உதிராத ஊரில் ஓர் இலையுதிர்காலப் பயணம்

1

வெயில், மழை, மழைக்கு முந்தைய புழுக்கம் என்று மூன்றே பருவங்கள் உள்ள ஒரு நாட்டில், என் பெற்றோருக்கு இலையுதிர்காலம் காட்டுவதாக வாக்குக் கொடுத்த முட்டாள் நான். அரைத்தூக்கத்தில் கொடுத்த வாக்கு அல்ல. குளித்து, திருநீறு பூசி, காப்பி குடித்து, தெளிந்த புத்தியோடு கோலாலம்பூரிலிருந்து குளித்தலைக்குத் தொலைபேசியில் அழைத்துக் கொடுத்த வாக்கு.

"அக்டோபர்ல வாங்கப்பா. எங்க ஊர்லயும் எலையெல்லாம் செவந்து கொட்டும். ஏரிக்கரையோரமா கார்லயே போவோம்."

"அங்கயுமா?" என்றார் அப்பா.

"இங்கயுந்தான்" என்றேன், கோலாலம்பூரை நானே நட்டு வளர்த்த மாதிரி. பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அடுக்ககத்தில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். இதை 'எங்க ஊர்' என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊர் என்னைப் பற்றி அப்படி எதுவும் சொன்னதாகத் தகவல் இல்லை.

கையில் ஆதாரம் இருந்தது. செமினி தாண்டி ஓர் ஏரியின் கரையில் ரப்பர் மரங்கள் செம்பழுப்பாக மாறி இலை கொட்டிக்கொண்டிருந்ததை ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்து, கைப்பேசியில் படமும் எடுத்து வைத்திருந்தேன். எந்த மாதத்தில் எடுத்தேன் என்பதை மட்டும் பார்க்கவில்லை. ஏரி, சிவந்த இலை என்றால் அக்டோபர்தானே. அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பும் படங்கள் எல்லாம் அப்படித்தான் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கின்றன.

வினையே அந்த அண்ணன்தான். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்து, ஒரு நாள் முழுக்கக் காரோட்டி, ஏரி ஏரியாகக் காட்டினான். அப்போது எடுத்த படம் குளித்தலை வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்கு அடுத்த ஆணியில் தொங்குகிறது. பின்னால் தீப்பிடித்த மாதிரி மரங்கள். நடுவில் நீல ஏரி. முன்னால், அண்ணனின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாயோடு, இரண்டு தபால் பெட்டிகளை அருகருகே நட்டது போல என்னைப் பெற்றவர்கள். குளிரில் இருவருக்கும் சிரிக்க வாய் வரவில்லை. அதனால் என்ன, சட்டம் போட்டாயிற்று.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "சின்னவன் எங்க இருக்கான்?" என்று கேட்பார்களாம். "மலேசியாவுல" என்பாளாம் அம்மா. "ஓ, பக்கத்துலதானா" என்று சொல்லிவிட்டு மோரை வாங்கிக் குடிப்பார்களாம்.

மலேசியாவில் பிழைப்பவனின் சாபம் இது. ஊர் அவனை வெளிநாட்டுக்காரன் என்று மதிப்பதில்லை. உள்ளூர்க்காரன் என்று மன்னிப்பதும் இல்லை. நாலு மணி நேரத்தில் திருச்சியில் வந்து இறங்குகிறவனுக்கு என்ன மவுசு இருக்கும்? போகும்போது இருந்த அதே கறுப்போடு திரும்பி வருகிறோம். கொண்டுவருவது தலைவலித் தைலமும் உருகிப்போன சாக்லேட்டும்.

2

ஒரு படத்துக்கு எதிர்ப்படம் மட்டும் போதுமென்றால் பத்துமலை வாசலில் நிறுத்தி எடுத்து அனுப்பியிருப்பேன். எனக்கு வேறொன்று தேவைப்பட்டது. அவர்கள் இருவரும் என்னோடு இங்கேயே தங்கிவிட வேண்டும்.

போன வருடம் ஐப்பசி மழையில் அப்பா குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். சர்க்கரை வியாதி. அம்மா தனி ஆளாக ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்து, தையல் போட்டு, அழைத்து வந்துவிட்டாள். தையல் பிரித்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். "ஒன்ன எதுக்குப் பதற வைக்கணும்னு" என்றாள். அண்ணனைக் கூப்பிட்டேன். "நீதான்டா பக்கத்துல இருக்க" என்றான். அவனும்.

என் அலுவலகத்தின் வழியாகப் பெற்றோருக்கு நீண்டகாலத் தங்கும் அனுமதி கேட்கலாம். அதற்கென்று ஒரு முகவர் இருக்கிறார், சிரிப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார் போலிருக்கும் ஒரு பெண்மணி. முதலில் திருமணச் சான்றிதழ் கேட்டார். என் பெற்றோரின் திருமணத்துக்கு நானும் அண்ணனும்தான் சான்று என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆகவே எழுபதைத் தாண்டிய என் தாயும் தந்தையும் குளித்தலை சார்பதிவாளர் அலுவலக வரிசையில், வீட்டைவிட்டு ஓடிவந்த காதல் ஜோடிகளுக்குப் பின்னால் நின்று, தங்கள் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். பெற்றோர் கல்யாணத்துக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பிய மகன் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்து, அப்பாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். எங்களுக்குக் குடும்பம் உண்டு, அதற்குப் பெயர்தான் கிடையாது என்று விளக்கினேன். என்னைப் பார்த்த பார்வையில், குடும்பமும் இருக்குமா என்ற சந்தேகம் தெரிந்தது.

எல்லாம் முடிந்தது. அவர்களும் வந்து இறங்கி மூன்று வாரம் ஆயிற்று. திங்கட்கிழமை மனுவைக் கொடுக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அவர்களுடைய சம்மதம்.

"ஒங்கம்மாவக் கேளு" என்றார் அப்பா.

"ஒங்கப்பாவக் கேளு" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டின் எல்லாத் தீர்மானங்களும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் பிறந்திருக்கின்றன. அண்ணன் படிப்பு, என் கல்யாணம், கொல்லைப்பக்கம் கழிப்பறை கட்டியது, எல்லாமே. யார் முடிவு செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் கொத்தனார் வந்திருப்பார். ஆனால் முகவரிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. அவருக்குக் கையெழுத்து வேண்டும்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். அப்பா தங்கிவிடுவார். ஓய்வு பெற்ற மனிதர். எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். இழுக்கப்போவது அம்மா. அவளுக்குத் துளசிச் செடி, பால்காரர், பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஊரில் ஆயிரம் அலுவல். அதனால் சனிக்கிழமை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், சிவந்த இலைகளுக்கு நடுவில் அம்மாவின் மனத்தைக் கரைப்பது என்று திட்டம்.

அம்மாவை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதாவது வெள்ளிக்கிழமை வரை.

3

சனிக்கிழமை காலை, கிழக்கே சூலம் என்று சொல்லி அம்மா ஆளுக்கு ஒரு கரண்டித் தயிர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு மேற்கே கிளம்பினேன்.

இதையும் விளக்கிவிட வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காஜாங், செமினி வழியாக அந்த ஏரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அண்ணன் நாள் முழுக்க ஓட்டியிருக்கிறான். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அதைப் பயணம் என்று எந்த மானமுள்ள மனிதன் சொல்வான்? அதனால் முதலில் நேர் எதிர்த்திசையில் இருக்கும் கிளாங்குக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி, எங்கள் வீட்டுப் பக்கமாகவே கடந்து செமினிக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். ஊருக்குப் புதியவர்கள், வயதானவர்கள், தெரியவா போகிறது.

காரில் நாலு பேர். என் மனைவி சுமதிக்கு அலுவலகத்தில் மாதக் கடைசி வேலை. பின் இருக்கையில் அம்மாவும், புளியோதரைத் தூக்கும், என் மகள் நித்யாவும். நித்யாவுக்குப் பதின்மூன்று வயது. காதில் ஒரு கருவி. உலகத்தோடு தொடர்பு அதன் வழியாக மட்டும். அவள் தமிழைப் பற்றி நான் இதற்குமுன் பத்திரிகைகளில் மூன்று கட்டுரைகள் எழுதிப் புலம்பியிருக்கிறேன். ஒன்றையும் அவள் படிக்கவில்லை. படிக்க முடிந்திருந்தால் புலம்பியிருக்கவே மாட்டேன்.

முன் இருக்கையில் அப்பா. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சி–சென்னை இரவு வண்டி. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது, சமையல்காரரை எதிரே உட்காரவைத்து வெந்நீர் போடுவது மாதிரி. வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே வரும். நான் பிரேக் போடுவதற்கு முன்பே அவர் போட்டிருப்பார்.

கிளாங்கில் இறங்கி, பூக்கடை ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். "இதுதாம்மா கிளாங். பழைய ஊரு. ராஜா இருந்த ஊரு" என்று நான் தொடங்கியபோது ஒரு பூக்கடையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, என்ன இன்னிக்குக் காடியில வந்துட்டீங்க? டிரெயின் இல்லையா?"

காடி என்றால் இங்கே கார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் நடந்தேன். அம்மா நின்றுவிட்டாள்.

"மவன் கூட்டியாந்தான் லெட்சுமி. ஏரி பாக்கப் போறோம்."

"ஓ, இவருதான் அந்தக் கம்ப்யூட்டர் மகனா?" லெட்சுமி என்ற அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் அண்ணே, அம்மாவ ஒத்தையா டிரெயின்ல அனுப்புறீங்க? நல்லவேளை, அக்கா கெட்டி லா. எங்களுக்கே வெரசா பூக்கட்டச் சொல்லிக் குடுக்குறாங்க." இந்த ஊர்த் தமிழில் எந்த வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அதற்குள் முக்காலியில் உட்கார்ந்து நாரை எடுத்துவிட்டாள்.

"எத்தன தடவ வந்திருக்கீங்க?"

"கணக்கா வச்சேன்? நீங்கல்லாம் காலையில கெளம்பிப் போனதும் வருவேன். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள திரும்பிருவேன்."

"எப்படி வருவீங்க?"

"ஸ்டேஷன் நம்ம வீட்டுக்குப் பக்கத்துலதான இருக்கு. கார்டு தட்டுனா தொறக்குது."

கார்டு கொடுத்தது நித்யா. முதல் தடவை பள்ளி விடுமுறையில் கூடவே வந்து காட்டியதும் அவள்தான். "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்றேன். அவள் காதுக் கருவியைக் கழற்றிக்கொண்டு, "சீக்ரெட் இல்ல லா அப்பா. நீங்க கேக்கவே இல்ல" என்றாள்.

என் மூளை இதற்குள் முகவரின் குரலில் பேச ஆரம்பித்திருந்தது. வருகை அனுமதியில் வந்தவர் பூக்கடையில் உட்கார்ந்து பூக்கட்டினால் அது வேலையா, பொழுதுபோக்கா? அம்மாவைக் கைது செய்தால் அவளுடைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்களே. "எழுந்திரும்மா" என்றேன். "இருடா, ஒரு மொழம்" என்றாள்.

குளித்தலையில் பக்கத்துத் தெருக் கோயிலுக்குப் போவதானாலும் வாசலில் நின்று, "ஒங்கப்பா வந்துரட்டும்" என்று சொல்கிற பெண் இவள்.

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"அவங்க இங்க வர்றப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பால்கனியில நிப்பேன். வண்டி போவும். பாப்பேன்" என்றார் அப்பா.

4

கிளாங்கிலிருந்து திரும்பினோம். கொஞ்ச தூரம் போனதும் அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வர்றப்ப வெயிலு முதுகுல இருந்துச்சு. இப்ப மூஞ்சியில அடிக்குது" என்றார்.

"ரோடு வளையுதுப்பா."

"ம்."

இன்னும் கொஞ்ச தூரம். "அந்தா நம்ம வீடு" என்றார், வலப்பக்கம் உயர்ந்து நின்ற அடுக்ககத்தைக் காட்டி. "பால்கனியில என் துண்டு காயுது."

பின் இருக்கையில் அம்மா சிரித்த சத்தம் கேட்டது. நான் வானொலியைத் திருகினேன்.

இந்த மனிதரின் பேருந்தில் அம்மா ஒருமுறைகூடக் கடைசி நிறுத்தம் வரை போனதில்லை. அப்பா சென்னைக்குப் போவார், அங்கே தங்குவார், திரும்புவார், ஒரு நாள் வீட்டில் தூங்குவார், மறுபடி போவார். ஆள் குறைந்தால் அந்தத் தூக்கமும் போய், வந்த காலோடு அடுத்த வண்டி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரே வீடு திரும்பும். அவர்களைக் கொண்டுவந்து இறக்கியவர் மட்டும் திரும்ப மாட்டார். சிறப்புப் பேருந்து.

அம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு திருச்சிப் பேருந்து நிலையத்துக்கே போய் நிற்பாள். வண்டி கிளம்பும் நேரத்தில் ஓட்டுநர் சன்னல் வழியாகத் தூக்கு உள்ளே போகும். பழைய தூக்கு வெளியே வரும். "காரம் அதிகமா?" "இல்ல." "பெரியவனுக்குக் காய்ச்சல்." "டாக்டர்ட்ட காட்டு." நடத்துநர் விசிலடிப்பார். என் பெற்றோரின் தாம்பத்தியத்தில் பெரும்பகுதி அந்தச் சன்னலில்தான் நடந்தது. வீட்டில் இரவில் அவள் பின்கதவுக்கு அம்மிக்கல்லை நகர்த்தி வைத்துவிட்டுப் படுப்பாள். அது திருடனுக்கு என்று நானும் அண்ணனும் நினைத்துக்கொண்டு, அவளுக்கு இருபுறமும் படுத்து, நிம்மதியாகக் குறட்டை விட்டோம்.

அயலகத்தில் தனிமை என்று நான் எத்தனை பக்கம் எழுதித் தள்ளியிருக்கிறேன். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, மனைவி காப்பி கொண்டுவந்து வைக்க, மகள் அடுத்த அறையில் இருக்க, 'இங்கே எனக்கு யாருமில்லை' என்று எழுதியவன் நான். அதை அச்சிட்டார்கள் என்பது வேறு விஷயம். அச்சுக்கூடங்களுக்கு ரோஷம் கிடையாது.

5

ஏரி வந்தது. எல்லாம் பச்சை.

சாதாரணப் பச்சை அல்ல. மழை குடித்து, பெருத்து, எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும் பச்சை. அக்கரையில் பச்சை, இக்கரையில் பச்சை, தண்ணீரிலும் அதே பச்சை தலைகீழாக. ரப்பர் மரங்கள் என் முன்னால் வரிசையாக நின்றன. ஓர் இலையைக்கூட விட்டுக்கொடுக்கும் உத்தேசம் அவற்றுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"எங்கடா செவப்பு?" என்றாள் அம்மா.

"இந்த வருஷம் கொஞ்சம் லேட்டு போல."

நித்யா என் கைப்பேசியை வாங்கினாள். அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்தாள். கீழே விரலால் தட்டினாள். "அப்பா, இது மார்ச். பங்குனி உத்திரத்துக்குக் கோயிலுக்குப் போனோம்ல, அன்னிக்கு எடுத்தது. இங்க சீசனே கெடையாது லா. ஸ்கூல்ல படிச்சோம்."

அவள் தமிழில் தொடர்ந்து இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதைப் பாராட்டும் நிலையில் அப்போது நான் இல்லை.

அப்பா ஒரு ரப்பர் மரத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். "நல்ல மரம்" என்றார். பெரிய மனுஷர்.

படம் எடுக்க இருவரையும் ஏரிக்கு முன்னால் நிறுத்தினேன். "தள்ளி நில்லுங்க. சேர்ந்து நில்லுங்க. சிரிங்க" என்று நான் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தபோது மழை வந்தது. இந்த ஊர் மழை தூறிக்கொண்டெல்லாம் வராது. மேலே யாரோ அண்டாவைக் கவிழ்ப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்திலிருந்த கூரைக்குக் கீழே ஓடினோம். எடுத்த ஒரே படத்தில் அப்பாவின் முதுகும் அம்மாவின் செருப்பும் இருந்தன.

கூரைக்கு அடியில் ஒரு மலாய்க்காரப் பெண் வாழைப்பழ பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் உடைந்த மலாயில் வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பதற்குள் அம்மா அவளிடம் போனாள். "காக், பிசாங் கோரேங். தாப்பாவ்." அதாவது, அக்கா, வாழைப்பழ பஜ்ஜி, பொட்டலமாக. இரண்டு விரலைக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அம்மா கையில் கூடுதலாக வைத்தாள். பதினைந்து வருடத்தில் எனக்கு யாரும் கூடுதலாக ஒரு துண்டு வைத்ததில்லை.

பஜ்ஜியும் புளியோதரையும் தின்றோம். மழை விடுவதாக இல்லை. சிவந்த இலையும் இல்லை, கனடாவும் இல்லை. திங்கட்கிழமை மட்டும் இருந்தது.

"அம்மா, அந்தப் பேப்பரக் குடுக்கணும். என்ன சொல்றீங்க?"

அம்மா கையைத் தூக்கின் மூடியில் கழுவினாள். வழக்கமான பதிலுக்காக நான் அப்பா பக்கம் திரும்பியும் விட்டேன்.

"எனக்கு இங்க பிடிச்சிருக்கு" என்றாள் அம்மா.

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவளே மேலும் சொன்னாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, ஏரியைப் பார்த்து.

"காலையில எந்திரிச்சா எங்கயாச்சும் போகலாம்னு இருக்கு. யாரு பொண்டாட்டி, யாரு அம்மான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அந்தப் புள்ள லெட்சுமி, எம்பேரு என்னன்னு கேட்டா. இத்தன வயசுக்கு யாரும் கேட்டதில்ல. எனக்கே சட்டுன்னு வாயில வரல."

"பாட்டி பேரு சரோஜா" என்றாள் நித்யா, பஜ்ஜியை மென்றுகொண்டு, யாரோ தேர்வில் கேட்டுவிட்ட மாதிரி.

அப்பா கையிலிருந்த பஜ்ஜியை மெதுவாகத் தின்று முடித்தார். காகிதத்தை நாலாக மடித்துத் தொட்டியில் போட்டார். என்னிடம் கையை நீட்டி, "சாவியக் குடு" என்றார். கொடுத்தேன். மழையில் இறங்கி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காருக்குப் போனார்.

அம்மா அவரைப் பார்த்தபடியே இருந்தாள். "போ, குடையப் பிடி. சளி பிடிக்கும் அவருக்கு" என்றாள் என்னிடம்.

6

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்மேல். வேறு வழியில்லாமல் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறினேன். என் காரில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கால் வைக்க இடம் போதவில்லை. மூன்று வாரமாக இதில்தான் அவர் மடங்கி உட்கார்ந்து வந்திருக்கிறார்; ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கண்ணாடியில் மழை வழிந்தது. ஏரி தெரியவில்லை. கூரைக்கு அடியில் அம்மாவின் சேலை நிறம் மட்டும் கரைந்து கரைந்து தெரிந்தது.

"அம்மாதான் வர மாட்டாங்கன்னு நெனச்சேன்ப்பா" என்று ஆரம்பித்தேன், எங்காவது ஆரம்பிக்க வேண்டுமே என்று. "நல்லதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் சேத்தே திங்கக்கெழம குடுத்துருவோம்."

"அவளுக்கு மட்டும் குடு."

"ஒங்களுக்கு?"

"எனக்கு ஊரு."

நான் சிரித்தேன். அசட்டுச் சிரிப்பு என்னிடம் எப்போதும் இருப்பில் இருக்கும். "என்னப்பா வெளயாடுறீங்க. கல்யாணத்தப் பதிஞ்ச ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள பிரிவினையா?"

அவர் சிரிக்கவில்லை. வைப்பரை ஒருமுறை போட்டார். கண்ணாடி துலங்கி, அம்மா தெளிவாகத் தெரிந்தாள். நித்யாவுக்கு ஜடையை அவிழ்த்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மறுபடி தண்ணீர் மூடிக்கொண்டது.

"எனக்கு இங்க என்னடா இருக்கு? பால்கனி. இந்தச் சீட்டு. அங்க காலையில டிப்போ முக்குல போயி நின்னா நாலு பேரு வண்டிய நிறுத்திப் பேசிட்டுப் போவான்."

"அதுக்காக அம்மாவ விட்டுட்டா?"

"நா விட்டுட்டுப் போவல. அவ இருக்கா. அவளுக்குப் பிடிச்சிருக்கு. கேட்டல்ல?"

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"மொத நாளு பூக்கடைக்குப் போயிட்டு வந்து பேசுனா பாரு, அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டேன். 'நீ இரு'ன்னேன். 'பாக்கலாம்'னா. இன்னிக்குத்தான் பாத்து முடிச்சிருக்கா."

ஆக, இருவரும் என்னிடம் ஒருவரையொருவர் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்த வாரங்களில், கொத்தனார் ஏற்கெனவே வந்திருந்தார்.

நான் விடவில்லை. தெரிந்ததையெல்லாம் எடுத்து அடுக்கினேன். சர்க்கரை அளவு. மாத்திரை வேளைகள். அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத கை. வழுக்கும் குளியலறை. போன ஐப்பசியில் போட்ட தையல். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், சில்லறை கேட்கும் பயணிக்கு ஆட்டுவது மாதிரி. கடைசியில் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டேன். கேலி பேசிப் பிழைப்பவனுக்கு இது நடக்கக் கூடாது.

"அவ்வளவு பெரிய வீட்டுல, ராத்திரியெல்லாம், நீங்க ஒத்தையா எப்படிப்பா இருப்பீங்க?"

அப்பா வைப்பரை மறுபடி போட்டார்.

"அவ இருந்தாளே."